ஏழைச் சபைக்குத் தனி உபதேசியார் எதற்கு?

வாசகர் கேள்வி
12 ஜனவரி 2025, ஞாயிறு, காலை 11.20

எங்கள் நகரச் சபையிலிருந்து நான்கு கிராமச் சபைகளுக்கு வருடாவருடம் பணம் போகிறது. நான்கையும் சேர்த்தால்கூட நூறு தலைக்கட்டு தேறாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஊரிலேயே குடியிருந்து சபையைக் கவனிக்க ஒரு உபதேசியார், ஒரு வீடு, ஒரு சம்பளம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ ஊர்களாக இருந்தும் இன்னும் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை என்றால் தப்பு எங்கே? நாலையும் ஒன்றாக்கி, ஒரு வேன் வாங்கி விட்டால் ஞாயிறு ஆராதனைக்கு எல்லாரும் ஒரே கோயிலுக்கு வந்துவிடலாம். மிச்சப் பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கலாம். கோபப்படாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு 9.45

கோபம் இல்லை. ஆனால் நான் ஓர் உபதேசியாரின் மகன். இப்போது ஒரு நகரச் சபையில் பொருளாளர். பணம் அனுப்புகிற மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லையே என்று அம்மா தெருமுனைக் கடையில் கடன் சொன்ன வீட்டிலும் வளர்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் வரும். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு யார் வருவார்?

அப்பா வேலை பார்த்தது தேரிக்காட்டுப் பக்கம் ஒரு பனையேறிகள் ஊர். எனக்கு ஒன்பது வயதிருக்கும். மாலைப் பதநீர் இறக்கப் போனவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவர் தம்பி ஓடி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, ஒரு மைல் செம்மணலில் நடந்து, ரோட்டில் லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க, கையெழுத்துப் போட, பெரிய டாக்டர் வருகிறவரை நின்று பேச அப்பா கூடப் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் வேட்டியெல்லாம் செம்மண். அந்த ஊரில் பேனா வைத்திருந்த ஒரே ஆள் அப்பாதான். ரேஷன் கார்டு மனு, முதியோர் பென்ஷன் மனு, பம்பாய்க்குப் போன மகனுக்குக் கடிதம், எல்லாம் எங்கள் திண்ணையில்தான் எழுதப்பட்டன. கிறிஸ்தவர், இந்து என்று யாரும் பார்த்ததில்லை.

வேன் வாங்கிய அன்றைக்கு அந்தத் திண்ணை காலியாகிவிடும்.

13 ஜனவரி, காலை 6.10

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. விழுந்தவர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. அதன் பிறகு, அப்பா மாறுதலாகிப் போகும்வரை, வாரம் ஒரு தரம் அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஜெபம்கூட இருக்காது. சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். நகரச் சபையின் வரவுசெலவுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

15 ஜனவரி, மாலை 4.30

"ஏழைகள் கொடுப்பதில்லை, வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

பிடியரிசி என்றால் என்னவென்று நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவது. எங்கள் வீட்டில் அது பழைய பவுடர் பால் டின். மூடியில் துரு. அம்மா அரிசியைக் கழுவும் முன்னாலேயே எடுத்துவிடுவாள். கழுவின பிறகு எடுத்தால் ஈரத்தில் புழு வைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அதைச் சின்னப் பைகளில் கொண்டுவந்து கோயில் முன்பக்கம் வைத்த பனையோலைப் பெட்டியில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து பல நிறமாக இருக்கும். ஆராதனை முடிந்ததும் படியால் அளந்து ஏலம் விடுவார்கள், அல்லது உபதேசியார் வீட்டுக்கு வரும். அந்தக் கலப்பு அரிசியில்தான் நான் வளர்ந்தேன். ஒரே பானையில் சில பருக்கை குழைந்திருக்கும், சில பருக்கை வேகாமல் இருக்கும். இன்றைக்கும் அந்தச் சோறு நாக்கில் நிற்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உலை வைக்கிற வீடும் அந்த ஒரு கைப்பிடியை எடுத்தது. நகரச் சபையில் நாங்கள் எடுக்கும் காணிக்கையில், உலையில் குறைகிற காணிக்கை எவ்வளவு இருக்கும்?

18 ஜனவரி, இரவு 10.15

"சுயபராமரிப்பு என்பது மிஷனெரிகளே வகுத்த கொள்கை, ஹென்றி வென் சொன்னதைத்தான் கேள்வி கேட்டவரும் சொல்கிறார்" என்று ஒரு பதில். வரலாறு பேசுவோம், எனக்கும் பிடிக்கும்.

வென் 1841 முதல் 1872 வரை இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலர். சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்றார். உண்மை. ஆனால் அவர் எதற்காக அதைச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார மிஷனெரி காலமெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து போதகராக இருக்கக்கூடாது. அந்த மண்ணின் ஆள், அந்த மக்களோடு குடியிருந்து போதகராக வேண்டும் என்பது அவர் கருத்து. மக்களோடு குடியிருக்கிற ஆளை எடுத்துவிட்டு வேன் விடுவதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமாகப் படவில்லை.

அப்புறம், இந்த ஊர்கள் எப்படி உண்டாயின? திருநெல்வேலிச் சீமையில் முதல் கிறிஸ்தவ ஊர் என்றே பெயர் வாங்கிய முதலூர் 1799-இல் உண்டானது. சொந்த ஊரில் அடிபட்டு, வீடு இழந்து நின்றவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்), பத்து வருடம் கழித்து இதற்கென்றே தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்: காசு சேர்ப்பது, நிலம் வாங்குவது, துரத்தப்பட்டவர்களை உட்கார வைப்பது. டோனாவூர் என்ற பெயரே உதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர். ஆக, பிறர் தாங்கித்தான் இந்தச் சபைகள் பிறந்தன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே ஊர்கள்தான் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கின. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். முன்நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகன். தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள், பணம் அனுப்பினார்கள். தாங்கப்பட்ட ஊர்கள் இன்னொரு ஊரைத் தாங்கின. "இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை" என்ற வாக்கியத்தை இதை வைத்து ஒரு தரம் மறுபடி படித்துப் பாருங்கள்.

19 ஜனவரி, மதியம் 2.00

கேள்வி கேட்டவர் நேரடியாகவே பதில் எழுதியிருக்கிறார்: "வரலாறு சரி, போன வருடம் அந்த நாலு சபையும் கட்ட வேண்டியதில் பாதிகூடக் கட்டவில்லை, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. பொருளாளராக இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சபை சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவுக்கு) கட்ட வேண்டிய தொகையை நாம் மாதக் கணக்கில் வைத்திருக்கிறோம். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் போட்ட கணக்கு அது. பனங்காட்டு ஊரில் பணம் மாசி, பங்குனியில் வரத் தொடங்கி ஆடி, ஆவணியில் ஓய்ந்துவிடும். அதிலும் பாதிப் பேர் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய்ச்சிய கருப்பட்டியை இருப்பு வைத்து, விலை ஏறிய பிறகு விற்க அவர்களால் முடியாது. விலை குறைவாக இருக்கும் பருவத்திலேயே அது கைமாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீட்டில் போய்ச் சங்கக் காணிக்கை கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்க வருகிற உபதேசியாருக்கும் அது தெரியும். தெரிந்தும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருடைய சம்பளமும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

பீடி சுற்றுகிற ஊர் வேறு மாதிரி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, வாரக்கடைசியில் கையில் காசு. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டில் சில்லறை விழும், பெரிய தொகை எந்த மாதமும் விழாது. கட்டடவேலைக்குத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போகிறவர்கள் ஊர் இன்னொரு மாதிரி: கிறிஸ்மஸுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் வரும்போது மொத்தமாகக் கொடுப்பார்கள், மற்ற நாளில் கோயிலில் கிழவர்களும் பிள்ளைகளும்தான்.

ஒரே படிவத்தில் மூன்று ஊரையும் அளந்துவிட்டு, பாதி கட்டவில்லை என்று எழுதிவிடுகிறோம். நானே எழுதியிருக்கிறேன்.

19 ஜனவரி, இரவு 8.40

இன்னொன்று. கட்டிடத்துக்குப் பணம் கேட்டால் நகரத்திலிருந்து உடனே வருகிறது. கோபுரம், கிரானைட் தரை, ஒலிபெருக்கி, உபயம் இன்னார் என்று கல்வெட்டு. உபதேசியார் சம்பளத்துக்குக் கேட்டால் வருவதில்லை. சம்பளத்தில் கல்வெட்டு வைக்க இடம் இல்லை. ஏழைச் சபைக்கு உதவ நினைக்கிறவர்கள் தயவுசெய்து கட்டிடத்துக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். ஆளுக்குக் கொடுங்கள்.

23 ஜனவரி, காலை 5.50

நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை. மேலே "ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்" என்று எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி, குளங்கள், வாய்க்கால் எல்லாம் ஒன்றாகிவிட்டன. நான் சொல்லும் ஊர் ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிறது. சில வருடம் முன்பு அங்கே கோயிலை இடித்து மூன்றரை அடி அஸ்திவாரம் உயர்த்திக் கட்டினார்கள். மேலே மாடி போட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். கூரை வீட்டுக்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு உயரக் கோயில் என்று சொல்லி, கொடுக்காமல் அனுப்பினேன்.

அந்த ராத்திரி குளம் உடைந்தபோது ஊரே அந்த மாடியில் இருந்தது. ஆடு, மாடு தவிர எல்லாரும். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் பூசாரி குடும்பமும் அங்கேதான். அந்த உயரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்து நான் போனபோது, ஒரு பாட்டி கோயில் படியில் உட்கார்ந்து நனைந்த வேதாகமத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். தாளுக்குத் தாள் ஒரு சிறு கல் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "வா ஐயா, இது நம்ம கோயில்" என்றார். கொடுக்காதவனிடம் நம்ம கோயில் என்றார்.

குடியிருக்கிற வீடு ஓலையாகவும் மண்ணாகவும் இருக்கும் மனிதனுக்கு, கல்லும் சிமெண்டுமாக நிற்கிற ஒன்றே ஒன்று தன்னுடையது என்று சொல்ல வேண்டும் போலிருக்கும். டோர்னக்கலில் அசரியா பேராயரானதும் இதையேதான் செய்தார். அவருடைய சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அந்தக் கூலிகளின் பேராலயத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் பாடுபட்டார். 1939-இல் பிரதிஷ்டையானது. இந்துக் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் சாயலும் கலந்த கட்டிடம். அது வீண்செலவு என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

23 ஜனவரி, காலை 7.30

ஆனாலும் ஒரு விஷயம். அந்த ராத்திரி கோயில் கதவைத் திறந்தது யார்? உபதேசியார். சாவி அவரிடம். இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் போய்க் கிழவர்களை முதுகில் சுமந்தது அவரும் இரண்டு வாலிபர்களும். மாடியில் அடுப்பு மூட்டியது அவர் மனைவி. கோயில் அறையில் பிடியரிசி மூட்டை ஒன்று இருந்திருக்கிறது, இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. முதல் நாளே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து பொட்டலம் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது.

இப்போது என் நிலை: கட்டிடமும் வேண்டும், ஆனால் ஆள் முதலில்.

2 பிப்ரவரி, மாலை 6.20

"பதிவேட்டில் பன்னிரண்டு குடும்பம், கோயிலில் அறுபது பேர். பொய்க் கணக்கா?" என்று கேட்டவருக்கு.

பொய் இல்லை. காரணம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லி 2007-இல் அறிக்கை கொடுத்தது, அது அப்படியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரி மாறவில்லை, கூலி மாறவில்லை, டீக்கடையில் பார்க்கிற பார்வை மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது.

பிள்ளையின் படிப்பையும் வேலையையும் நினைக்கிற தகப்பன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான், பதிவேட்டில் பெயர் எழுத வேண்டாம் என்பான். ஐயரும் எழுத மாட்டார். விளைவு, மிகவும் ஏழைச் சபைதான் காகிதத்தில் மிகவும் சிறிய சபையாகத் தெரிகிறது. பன்னிரண்டு குடும்பத்துக்கு எதற்குத் தனி உபதேசியார் என்று நாம் மேசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறோம். தலித் சபைக்கு மாறுதல் வந்தால் தண்டனை மாறுதல் என்று முகம் சுளிக்கிற ஐயர்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பெண் கொடுத்த வீட்டார் வந்து மாறுதலை நிறுத்தச் சொல்லி அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். பணம் குறைவு என்பதைவிட இது பெரிய குறை. இதற்கு நகரச் சபை காசோலை எழுதித் தீர்க்க முடியாது.

9 பிப்ரவரி, இரவு 9.00

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு வாசகர் நேராக ஓர் ஏழைச் சபை ஐயருக்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறார். நல்ல மனசு. ஆனால் பார்த்துச் செய்யுங்கள். நீங்கள் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் நன்கொடையாகச் சபைக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பும் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வைத்துத்தான் வாங்க முடியும், வாங்கியதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. தெரியாமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வது ஐயர்.

நீங்கள் இருக்கிற ஊரிலேயே இந்தப் பிரச்சினைக்கு நீண்ட கதை இருக்கிறது. குருமார் தங்கள் முதல் வருட வருமானத்தையும் பிறகு வருடாவருடம் பத்தில் ஒன்றையும் போப்புக்குக் கட்டி வந்தார்கள். எட்டாம் ஹென்றி 1534-இல் அதைத் தன் கஜானாவுக்குத் திருப்பிக்கொண்டார். 1704-இல் ஆன் ராணி அந்தப் பணத்தை ஏழைக் குருமார்களின் வருமானத்தை உயர்த்தத் திருப்பி விட்டார். முதற்பலனும் தசமபாகமும், நம் வாயில் வருகிற அதே வார்த்தைகள். அரசின் ஆதரவு பெற்ற அவ்வளவு பெரிய திருச்சபையிலும் பட்டினி கிடந்த ஐயர்கள் இருந்திருக்கிறார்கள். 1985-இல் மறுபடியும் அங்கே நகரத்து ஏழைப் பகுதிகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்து, அதிலிருந்து அந்தப் பகுதிகளுக்கென்று தனி நிதி பிறந்தது. பணக்காரப் பங்கு ஏழைப் பங்கைத் தாங்குவது எந்தச் சபைக்கும் புதிதில்லை.

16 பிப்ரவரி, மதியம் 3.15

கொஞ்சம் இலேசாகப் பேசுவோம், இழை கனத்துவிட்டது.

அறுப்பின் பண்டிகை ஏலம். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், முட்டை, கோழி. ஒரு வருடம் ஒரு சேவல் வந்தது. முதல் ஏலத்தில் எடுத்தவர் "மறுபடி கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ஏலம், அவரும் திருப்பினார். மூன்றாவது தரம் ஏலம் கூவிக்கொண்டிருந்தபோது கட்டு அவிழ்ந்து சேவல் பறந்து ஒரு வடலி (இளம் பனை) மேல் ஏறிக்கொண்டது. ஊர் முழுக்கப் பனையேறிகள், ஒருத்தருக்கும் சிரிப்பில் ஏற முடியவில்லை. மரத்தில் இருந்த சேவலையே ஏலம் விட்டு முடித்தார்கள். அந்த வருடம் அதிகத் தொகைக்குப் போனது அந்தச் சேவல்தான்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். ஒரு விதவைத் தாய் ஒரே ஒரு முட்டை கொண்டு வந்திருந்தார். ஏலம் கூவுகிறவர் அதைப் பெரிய சாமான்களுக்கு நடுவில் வைத்து, அதே குரலில், அதே மரியாதையோடு கூவினார். ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் திருப்பூரிலிருந்து வந்த வாலிபன். அந்தத் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் இரண்டு முட்டை கொண்டு வந்தார்.

2 மார்ச், இரவு 11.00

இதுவரை பணமே பேசினேன். ஐயர்மார், உபதேசியார்மாரின் தனிமையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்தான்.

என் அப்பாவுக்கு அந்த ஊரில் எல்லாரும் சொந்தம். ஆனால் அவர் சோர்ந்துபோனால் போய் உட்கார ஒரு வீடு கிடையாது. ஊரில் இரண்டு கோஷ்டி; ஒரு வீட்டில் காப்பி குடித்தால் மறு வீட்டில் கேள்வி. மாறுதல் வந்தால் சட்டி பானையோடு லாரி. நாங்கள் அண்ணன், தங்கை மூன்று பேரும் ஆறு பள்ளிக்கூடம் மாறினோம். அப்பா ஓய்வு பெற்றபோது சொந்த வீடு இல்லை. அம்மா அதை ஒரு தரம்கூடக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் யார் புது வீடு கட்டினாலும் பிரதிஷ்டைக்குப் போய்ச் சமையலறையில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அசரியா எழுந்து, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளைக்காரரைப் பார்த்துச் சொன்னது. இன்றைக்கு நகரச் சபைக் கமிட்டியைப் பார்த்து ஓர் உபதேசியார் சொல்லலாம். அவருக்கு வருடம் ஒரு முறை கவரில் வைத்துக் கொடுக்கிறோம், கொடுக்கும்போது போட்டோ எடுக்கிறோம். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோமா?

3 மார்ச், காலை 6.00

தங்கை படித்துவிட்டுப் போன் செய்தாள். ஆறு பள்ளிக்கூடம் இல்லையாம், ஏழு. நான் விடுதிக்குப் போன பிறகு ஒன்று.

30 மார்ச், மாலை 5.00

எங்கள் கமிட்டியில் இரண்டு கூட்டம் பேசி முடித்ததை எழுதுகிறேன். எல்லாம் எனக்குப் பிடித்தபடி நடக்கவில்லை.

நாங்கள் அனுப்பும் பணத்தைச் சமமாக நாலு தவணையாகப் பிரிக்காமல், பெரும்பகுதியைப் புரட்டாசிக்கும் தைக்கும் நடுவில் அனுப்புவது, அதாவது ஊரில் பணம் இல்லாத மாதங்களில். அந்தச் சபைகள் கட்ட வேண்டியதை வருடக் கணக்காக்கி, பருவம் முடிந்ததும் வாங்கிக்கொள்ள சேகரத்தில் கேட்பது. உபதேசியார் பிள்ளைகள் இருவருடைய கல்லூரிக் கட்டணத்தை நாங்கள் நேராகக் கல்லூரியில் கட்டுவது. யார் கட்டினார்கள் என்று கோயிலில் அறிவிக்கக்கூடாது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. வருங்கால வைப்புநிதி மாதிரி ஓய்வுக்கால ஏற்பாடு வேண்டும் என்றேன், அது எடுபடவில்லை. அடுத்த வருடம் மறுபடி கேட்பேன்.

கேள்வி கேட்டவர் சொன்னதில் ஒன்று நடக்கப்போகிறது. நாலில் இரண்டு ஊர் அரை மைல் தூரத்தில் இருக்கின்றன. அவர்களே பேசி, ஒரே உபதேசியார் போதும், ஆனால் இரண்டு கோயிலும் இருக்கட்டும், ஞாயிறு மாற்றி மாற்றி ஆராதனை என்று முடிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவர்கள் முடிவு, அவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். மிச்சமாகும் சம்பளத்தில் பாதியை அந்த உபதேசியாருக்கே கூட்டிக் கொடுக்கவும் அவர்கள்தான் சொன்னார்கள்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு, இரவு 8.30

கேள்வி கேட்டவரும் நானும் இன்றைக்கு அந்த ஊருக்குப் போனோம். ஜனவரியிலிருந்து இங்கே எழுத்தில் சண்டை, இன்றைக்குத்தான் முகம் பார்த்தோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். குருத்தோலைப் பவனியில் பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக நடந்தார். வேதாகமம் காய வைத்த பாட்டி அவரைத் தன் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போய், பனையோலையைப் பட்டையாக மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார், உள்ளே இரண்டு நுங்கையும் கீறிப் போட்டு. தம்பிக்குப் பழக்கமில்லை, ஒரு கையால் பிடித்தார், வெள்ளைச் சட்டையெல்லாம் பதநீர்.

"ரெண்டு கையாலயும் பிடி ராசா" என்று சொல்லி, பாட்டி மறுபடி ஊற்றினார்.